நாயனப் பதிவுகளுக்குப் பெயர் வைக்கும் முறை: ஃபைல் பெயரிலிருந்து டேக் வரை

மன்னார்குடி பக்கம் மைக் செட் வைத்துத் தொழில் செய்கிறேன். செட் போடப் போகிற இடத்தில், வாசிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்து நாயனத்தையும் (நாதஸ்வரம்) தவிலையும் பதிவு செய்து வைப்பது எங்கள் அப்பா காலத்து வழக்கம். அப்பா கேசட்டில் எடுத்தார், நான் கையடக்க ரெக்கார்டரில் எடுக்கிறேன். இப்போது வித்வான்கள் வீட்டுப் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். "அண்ணே, எங்க தாத்தா திருவாரூர்ல வாசிச்சது உங்ககிட்ட இருக்காமே?" என்று கேட்பவரிடம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. எடுத்துக் கொடுக்கத் தெரிய வேண்டும்.

ரெக்கார்டர் தானாக வைக்கும் பெயர் 'டிஆர்0000_0001' என்கிற மாதிரி இருக்கும். அதில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை, ராகமும் இல்லை. இதே நிலையில் பதிவுகளை வைத்திருக்கிற சவுண்ட் சர்வீஸ்காரர்கள், பழைய கேசட் கடைக்காரர்கள், வித்வான்கள் குடும்பத்தார் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு ஃபைலுக்கு விவரம் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, வெளியே தெரிகிற ஃபைல் பெயர். மற்றது ஃபைலுக்கு உள்ளேயே எழுதி வைக்கிற டேக். செல்போனில் பாட்டு ஓடும்போது திரையில் வருகிற தலைப்பு, பாடியவர் பெயர் எல்லாம் டேக்கிலிருந்து வருவதுதான். ஃபைல் பெயரைப் படித்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தந்தத் துண்டை அந்தந்த டேக்கில் போட்டுக் கொடுக்கிற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸுக்கு எம்பி3டேக், லினக்ஸுக்கு பட்டில்டேக், எல்லாவற்றிலும் ஓடக்கூடிய கிட்3. நான் எம்பி3டேக் வைத்துச் செய்வதைச் சொல்கிறேன். பெயரில் எம்பி3 இருந்தாலும் ஃபிளாக் போன்ற மற்ற ஒலி ஃபைல் வகைகளையும் அது கையாளும்.

"ஆன்லைனில் போட்டால் தானே கண்டுபிடித்துவிடுமே" என்று தம்பிமார்கள் சொல்வார்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் அப்படி ஒரு நல்ல சாஃப்ட்வேர்தான். ஒலியைக் கேட்டுக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு எடுத்து, தன்னார்வலர்கள் சேர்த்து வைத்திருக்கிற பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடையில் விற்ற சிடி என்றால் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் அது தேடுவது அதே பதிவை. அதே ராகத்தையோ அதே ஆளையோ அல்ல. பங்குனித் தேர் அன்று கீழ வீதியில் நீங்கள் எடுத்த பதிவு உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு ஜோடி எந்தப் பட்டியலிலும் கிடையாது. ஆகவே நம் பதிவுகளுக்கு நாம் எழுதுகிற ஃபைல் பெயர்தான் ஆதாரம்.

பெயரின் வரிசை

நான் வைத்திருக்கிற வரிசை இது: தேதி, ஊர், வாசித்தவர், வரிசை எண், உருப்படி (வாசித்தது எது என்பது), ராகம், தாளம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, மறுபடி ஒரு இடைவெளி. எழுதினால் இப்படி வரும்:

1989-03-00 - திருவாரூர் - கோயில் மேளம் - 02 - மல்லாரி - கம்பீரநாட்டை - ஆதி

தேதியில் வருஷம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள். அப்படி எழுதினால்தான் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகப் போகும். நாள் தெரியாவிட்டால் 00. வருஷமே தெரியாவிட்டால் 0000-00-00. அவையெல்லாம் பட்டியலின் தலையில் ஒன்றாகத் திரண்டு நிற்கும், இன்னும் விசாரிக்க வேண்டியவை எவை என்று பார்த்தவுடனே தெரியும். தேதிக்குள் சாய்கோடு போட முடியாது, விண்டோஸ் ஏற்காது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் எதையும் ஃபைல் பெயரில் ஏற்காது.

எந்தத் துண்டையும் விட்டுவிடாதீர்கள். இந்த முறை முழுவதும் அதில்தான் நிற்கிறது. தாளம் தெரியவில்லையா, 'தாளம் தெரியாது' என்றே எழுதுங்கள். ஆலாபனைக்குத் தாளம் இல்லையா, 'தாளமில்லை' என்று எழுதுங்கள். சாஃப்ட்வேருக்கு ராகம் எது, ஊர் எது என்று தெரியாது. முதல் கோட்டுக்கு முன்னால் இருப்பது தேதி, அடுத்தது ஊர் என்று இடத்தை வைத்துத்தான் அது எடுக்கும். நடுவில் ஒன்றை விட்டால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒவ்வொரு இடம் முன்னே வந்து, ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் பெயர் உட்கார்ந்துவிடும்.

ஆள் பெயரை எப்போதும் ஒரே மாதிரி எழுத வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்று எடுத்துக்கொண்டால், அவருடைய வானொலிப் பதிவுகளின் நகல்களில் 'ராஜரத்தினம்' என்றும் 'ராஜரத்னம்' என்றும் 'டி.என்.ஆர்.' என்றும் பார்த்திருக்கிறேன். நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வித்வான்கள் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுங்கள். கையால் அடிக்கவே அடிக்காதீர்கள். ஊர்ப் பெயருக்கும் ராகத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

கேசட் அட்டையில் இருக்கும் வருஷம்

பழைய கேசட் அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் 'விபவ, பங்குனி' என்று எழுதியிருக்கும். ஆங்கிலத் தேதி இருக்காது. கோயில் பத்திரிகையைப் பார்த்து எழுதுகிறவர்கள் தமிழ் வருஷத்தைத்தான் எழுதுவார்கள். பிரபவ 1987 சித்திரையில் தொடங்கியது. அதிலிருந்து வரிசையாக எண்ணினால் போதும்: விபவ 1988–89, சுக்கில 1989–90, பிரமோதூத 1990–91, பிரஜோற்பத்தி 1991–92, ஆங்கீரஸ 1992–93, ஸ்ரீமுக 1993–94, பவ 1994–95, யுவ 1995–96, தாது 1996–97. கேசட் ஓடிய காலத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது, சித்திரை முதல் மார்கழி நடு வரை முதல் ஆங்கில வருஷம், அதன் பிறகு பங்குனி வரை அடுத்த ஆங்கில வருஷம். ஆகவே விபவ பங்குனி என்றால் 1989. 1988 என்று போட்டுவிட்டால் அது அதற்கு முந்தைய வருஷத்துத் தேர் ஆகிவிடும். மேளம் வேறு, வாசித்தவர் வேறு என்று எல்லாமே புரண்டுவிடும். திருவையாறு ஆராதனைப் பதிவுகளுக்கும் வருஷம் கட்டாயம் வேண்டும். ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் வருவது. ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் மாறும். 'ஆராதனை, ஜனவரி' என்று மட்டும் எழுதி வைத்தால் எந்த ஆராதனை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கேசட்டிலிருந்து ஃபைலுக்கு

கேசட்டை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் ஏற்றுகிறீர்கள் என்றால், பெயர் வைக்கிற வேலையை அங்கேயே தொடங்கிவிடலாம். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். அது ஒரே நீளமாக உள்ளே வரும். ஒவ்வொரு உருப்படி தொடங்குகிற இடத்திலும் கர்சரை வைத்துக் கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தினால் ஒரு லேபிள் விழும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே போடுவதென்றால் கன்ட்ரோலும் எம்-மும். அந்த லேபிளில் மேலே சொன்ன ஏழு துண்டையும் அப்படியே ஒட்டுங்கள். பிறகு எக்ஸ்போர்ட் செய்யும்போது லேபிள்படி பல ஃபைல்களாகப் பிரிக்கச் சொன்னால், ஒவ்வொரு உருப்படியும் அந்தப் பெயரோடு தனித்தனி ஃபைலாக வந்துவிடும்.

மேளக் கச்சேரியை எங்கே வெட்டுவது என்று கேட்பார்கள். என் கருத்து, மல்லாரியைத் தனியாக வெட்டுங்கள். ஆலாபனையையும் அதைத் தொடர்ந்து வருகிற கீர்த்தனையையும் பிரிக்காதீர்கள். தனி ஆவர்த்தனம் எந்த உருப்படிக்குள் வந்ததோ அதோடேயே இருக்கட்டும். ஊஞ்சலுக்கு வாசிக்கும் லாலியைத் தனியாக எடுக்கலாம். சாமி புறப்பாட்டின்போது வீதியில் நடந்துகொண்டே வாசித்ததை வெட்டவே வேண்டாம். வெடிச் சத்தம், "நகருங்க நகருங்க" என்கிற குரல், இடையில் தவில்காரர் வார் இழுக்கும் சத்தம் எல்லாம் அந்தப் பதிவின் பகுதி. முழு ஓட்டமாக ஒரே ஃபைலாக வைத்து, உருப்படி இடத்தில் 'புறப்பாடு முழுவதும்' என்று எழுதினால் போதும்.

ஏற்றுவது வேவ் ஆக இருக்கட்டும். சேர்த்து வைப்பதற்கு ஃபிளாக் ஆக மாற்றுங்கள். ஒலி ஒரு துளியும் குறையாது, இடம் ஏறக்குறைய பாதியாகும். வேவ் ஃபைலில் எழுதுகிற டேக்கைப் பல பிளேயர்கள் கண்டுகொள்வதில்லை. ஃபிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை, தமிழும் சரியாக உட்காரும்.

பெயரை டேக்காக மாற்றுவது

இனி எம்பி3டேக். தொடங்குவதற்கு முன் மொத்த ஃபோல்டரையும் இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். பிறகு ஃபோல்டரைத் திறந்து, கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மேலே 'கன்வர்ட்' மெனுவில் 'ஃபைல்நேம் - டேக்' என்பதைத் தட்டுங்கள். வரிசையைக் கேட்டு ஒரு கட்டம் வரும். அதில் அடிக்க வேண்டியது:

%இயர்%-%டே% - %பிளேஸ்% - %ஆர்ட்டிஸ்ட்% - %டிராக்% - %ஐட்டம்% - %ராகா% - %தாளா%

படிப்பதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டத்தில் அடிக்கும்போது சதவீதக் குறிகளுக்கு நடுவே இருப்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இயர், ஆர்ட்டிஸ்ட், டிராக் மூன்றும் எல்லா பிளேயருக்கும் தெரிந்தவை. மற்ற ஐந்தும் நாமே உண்டாக்குகிற டேக்குகள். புதிதாக ஒரு பெயர் அடித்தால் சாஃப்ட்வேர் அந்தப் பெயரிலேயே ஒரு டேக் உண்டாக்கிக்கொள்ளும். தேதியில் மட்டும் இடைவெளி இல்லாத கோடு இருப்பதைப் பாருங்கள். 1989 என்பது வருஷத்துக்குப் போகும், மிச்சம் '03-00' நாளுக்குப் போகும்.

கட்டத்துக்குக் கீழேயே, முதல் ஃபைல் எப்படிப் பிரியும் என்று முன்கூட்டிக் காட்டும். அதைப் படித்துவிட்டுத்தான் ஓகே கொடுங்கள். கொடுத்த பிறகும் பட்டியலில் ராகம், ஊர் என்று பத்திகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். ராகப் பத்தியில் 'ஆதி' என்று ஏதாவது நின்றால் அந்த ஃபைலின் பெயரில் ஒரு துண்டு குறைகிறது. திருத்திவிட்டுத் திரும்பச் செய்யலாம். கன்ட்ரோல்-இஸட்டும் உண்டு.

பாட்டின் தலைப்புக்கான 'டைட்டில்' டேக்கில் இதுவரை ஒன்றும் போடவில்லை. காரணத்தோடுதான் விட்டேன். நாமே உண்டாக்கிய ராகா டேக்கை செல்போன் பிளேயர் திரையில் காட்டாது. ராகம் தெரியாத நாயனப் பதிவு எதற்கு? ஆகவே கன்வர்ட் மெனுவில் 'டேக் - டேக்' என்பதை எடுத்து, டைட்டிலுக்கு %ஐட்டம்% - %ராகா% என்றும், ஆல்பத்துக்கு %பிளேஸ்% %இயர்% என்றும் கொடுங்கள். செல்போனில் தலைப்பு 'மல்லாரி - கம்பீரநாட்டை' என்றும், ஆல்பம் 'திருவாரூர் 1989' என்றும் வரும். உருப்படியும் ராகமும் தனித்தனி டேக்கிலும் அப்படியே இருக்கும்.

எம்பி3 ஆகவும் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன்ஸில் ஒன்றைப் பார்க்க வேண்டும். எம்பி3 டேக்கில் ஐடி3 என்று ஒரு முறை உண்டு. 1996ல் வந்த அதன் முதல் பதிப்பு ஃபைலின் கடைசியில் 128 பைட்டில் அடங்குவது. தலைப்புக்கு 30 எழுத்துதான், அதுவும் ஆங்கிலத்துக்காகச் செய்தது. தமிழ் அதில் கேள்விக்குறிகளாகத்தான் வரும். அதை எழுத வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டு, ஐடி3வி2.3, யுடிஎஃப்-16 என்பதைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வட்டாரத்தில் ஓடுகிற கார் ஸ்டீரியோ, செல்போன் பலவற்றில் தமிழ் அதில்தான் ஒழுங்காக வருகிறது.

தமிழ் எழுத்தில் வரும் சிக்கல்

கௌளை ராகம் என்று தேடினால் ஒன்றுமே வராது, ஆனால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கும். காரணம், அடித்தவர் 'கௌ' என்று ஒரே குறியாக அடிக்காமல், 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்திருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. மாயாமாளவகௌளையில் இது அடிக்கடி வரும். இதைச் சரிசெய்யத் தானியங்கி வழி கிடையாது. தேடி மாற்றத்தான் வேண்டும். ராகப் பெயரைப் பட்டியலிலிருந்து காப்பி எடுத்து ஒட்டச் சொன்னதன் அருமை இங்கே தெரியும்.

ஒகர ஓகாரத்திலும் இதே போல ஒன்று உண்டு. 'கொ' என்பதை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பழைய மேக் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பெயரை இரண்டாகப் பிரித்துத்தான் வைத்தன. அங்கிருந்து வந்த ஃபைல்கள் விண்டோஸில் தேடலில் சிக்காமல் போகும். இதற்கு மருந்து இருக்கிறது. லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி, மொத்த ஃபோல்டரின் பெயர்களையும் ஒன்றுபடுத்திக் கொடுக்கும்.

நீளத்தையும் பாருங்கள். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும், ஒவ்வொரு துணைக்குறிக்கும் மூன்று பைட். மேலே காட்டிய திருவாரூர் மல்லாரிப் பெயரில் 'கோயில் மேளம்' என்பதற்குப் பதில் 'திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை' என்று எழுதினாலே 240 பைட்டுக்குக் கிட்டே வந்துவிடும். இன்னும் ஒரு தவில் வித்வான் பெயரைச் சேர்த்தால் தாண்டிவிடும். விண்டோஸில் ஒன்றும் தெரியாது, லினக்ஸ் டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கும்போதுதான் மறுக்கும். ஆகவே தவில், ஒத்து (நாயனத்துக்குச் சுருதி கொடுக்கும் குழல்), தாளம் போட்டவர்கள் பெயரை ஃபைல் பெயரில் சேர்க்காதீர்கள். ஆனால் எழுதாமலும் விடாதீர்கள். கமென்ட் டேக்கில் எல்லாருடைய பெயரும் இருக்க வேண்டும். ஒத்து ஊதியவர் பெயர் எந்த அட்டையிலும் இருப்பதில்லை. கேட்டு எழுதுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் செருகுகிற பென் டிரைவுக்கு மட்டும் தனி ஏற்பாடு. அதில் இருக்கும் சிறு திரை தமிழைக் காட்டாது. பல கருவிகள் பெயர் வரிசையில் ஓட்டாமல், எந்த வரிசையில் காப்பி செய்தோமோ அந்த வரிசையில்தான் ஓட்டும். எம்பி3 நகல் எடுத்து, 001, 002 என்று எண்ணோடு ஆங்கில எழுத்தில் சின்னதாகப் பெயர் வைத்து, எண் வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். மூல ஃபைல்களின் பெயரில் கை வைக்க வேண்டாம்.

வீடியோவுக்குச் சுருக்கமாக: கோப்ரோ கேமராவில் நீண்ட காட்சி பல துண்டாக உடையும். பெயரில் வருகிற முதல் இரண்டு இலக்கம் துண்டின் எண், கடைசி நான்கு இலக்கம்தான் காட்சியின் எண். பெயர் வரிசையில் அடுக்கினால் ஒரு காட்சியின் இரண்டாம் துண்டு, எல்லாக் காட்சிகளின் முதல் துண்டுகளுக்கும் பின்னால் போய் நிற்கும். கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு பிறகு பெயர் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் பெயரில் இருப்பது நமக்கு வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி அல்ல. அதை நம்பித் தேதி போடாதீர்கள்.

ராகம் சரிதானா

அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட முடியாது. யார் சொல்லி இந்த ராகம் எழுதினோம் என்பதற்கு 'சான்று' என்று ஒரு டேக் வைத்திருக்கிறேன். அதில் 'அட்டை', 'வித்வான் சொன்னது', 'ஊகம்' என்று மூன்றில் ஒன்று இருக்கும். ஊகம் என்று இருப்பவற்றைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு, வயதான நாயனக்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் போட்டுக் காட்டுவேன். அட்டையில் இருப்பதையும்தான்.

"ஐயா, அட்டைல ஷண்முகப்பிரியான்னு போட்டிருக்குங்க."

"போட்டிருப்பான். இது சிம்மேந்திரமத்யமம் தம்பி. நிஷாதத்தைக் கேளு, மேல நிக்குது பாரு."

மேளகர்த்தா (தாய் ராக) வரிசையில் ஷண்முகப்பிரியா 56, சிம்மேந்திரமத்யமம் 57. மற்ற சுரங்கள் எல்லாம் ஒன்று, நிஷாதம் மட்டும் முன்னதில் கைசிகி (கீழ்), பின்னதில் காகலி (மேல்). எந்தச் சாஃப்ட்வேரும் அந்தக் கேசட்டில் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

இப்படித் திருத்தம் வந்தால் ஃபைல் பெயரில் கை வைக்காமல் டேக்கில் மாற்றுங்கள். ராகா டேக்கில் புதுப் பெயர், சான்று டேக்கில் 'வித்வான் சொன்னது', கமென்ட்டில் அட்டையில் முன்பு இருந்த பெயர். பிறகு டைட்டிலை 'டேக் - டேக்' வழியாக மறுபடி உண்டாக்குங்கள். கடைசியாகக் கன்வர்ட் மெனுவில் 'டேக் - ஃபைல்நேம்' எடுத்து, முதலில் கொடுத்த அதே வரிசையைக் கொடுத்தால், டேக்கில் இருப்பதை வைத்து ஃபைல் பெயர் புதிதாக எழுதப்படும். உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகிவிடும். அன்றைக்கே இரண்டாவது டிஸ்க்கிலும் பழைய பெயரில் இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். வித்வான் வீட்டாருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போதுதான் வைத்த பெயர் மாறாமல் அவர்கள் கைக்குப் போகும்.